நான் எழுதாது விட்ட வாக்கியம்

நமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருக என மலர்க் குழுவினர் கேட்டபொழுது, எதனை எழுதுவது என நான் நெடுநேரம் எண்ணவேண்டியிருக்கவில்லை. இக்கல்லூரிக்கு நான் தீர்க்கவேண்டிய கடன் ஒன்று அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நிலுவையில் உள்ளது. அது பணக் கடன் அன்று. ஒரு வாக்கியக் கடன்.

1964ஆம் ஆண்டு மூன்றாந் தவணை முடிவிலே, எட்டாம் வகுப்பு மாணவனாயிருந்த நான் பெற்றோருடனும் ஆறு வயதுத் தங்கையுடனும் இந்தியா செல்லவிருந்தேன். வவுனியாவில் கச்சேரி எழுதுவினைஞர் ஒருவரின் பிள்ளைக்கு அது பெரும் பேறு. செய்தியறிந்த தமிழாசிரியர், "தம்பி, கண்டதையும் கேட்டதையும் ஒளியாமல் எழுதிக்கொண்டு வாரும்" என்று பணித்தார்.

அக்காலத்தில் வன்னியாருக்கு இந்தியா தூரதேசம் அன்று. மதவாச்சிச் சந்தியில் வண்டி மாறித் தலைமன்னார் சேர்ந்து, அங்கு கப்பலேறினால் ஏறக்குறைய இருபது மைல் கடல், அப்பால் தனுஷ்கோடி. துறையில் இறங்கினால், அருகிலேயே சென்னை செல்லும் புகைவண்டி காத்து நிற்கும். வீட்டையும் மாடுகளையும் அம்மம்மாவின் பொறுப்பில் விட்டுப் புறப்பட்டோம்.

மதுரையும் திருச்செந்தூரும் தரிசித்து, டிசெம்பர் 21ஆந் திகதி இராமேஸ்வரம் வந்து ஒரு சத்திரத்திலே தங்கினோம். தந்தையார் ஒரு சிறு கொப்பியில் எல்லாவற்றையும் வகுத்து எழுதியிருந்தார். மறுநாட் பகலில் கோயிலின் இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் நீராடல், இரவு பாம்பன் சென்று, தனுஷ்கோடிக்கான கடைசி வண்டி, விடியலிற் சேது நீராட்டு, பின்னர் கப்பல். லீவு முடியுமுன் கச்சேரிக்குத் திரும்பவேண்டும் என்பது அவர் கவலை. சேதுக்கரையிற் சங்கும் சிப்பியும் பொறுக்கி வகுப்புத் தோழருக்குக் கொணர்வேன் எனச் சொல்லி வந்தது என் கவலை.

22ஆந் திகதி மழையோடு விடிந்தது. முதல் நான்கு தீர்த்தங்களில் நீராடுவதற்குள் தங்கை நடுங்கத் தொடங்கினாள். நண்பகலில் அவளுக்குக் கடுங் காய்ச்சல். மாலையிற் காற்றும் சேர்ந்துகொண்டது. "இந்தப் பிள்ளையைக் கொண்டு இரவு வண்டியில் வரமாட்டேன்" என்று அன்னையார் உறுதியாய்ச் சொல்லிவிட்டார். தந்தையார் கொப்பியை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாய்பேசாது திண்ணையில் அமர்ந்தார்.

எனக்கோ பொறுக்கவில்லை. பாயிற் கிடந்த தங்கையிடம் குனிந்து, "உன்னாலேதான் எல்லாம் பாழாய்ப் போயிற்று, நீ அம்மம்மாவோடு நின்றிருக்கலாம்" என்றேன். அவள் மறுமொழி சொல்லவில்லை, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்றிரவு வீசிய காற்றை வருணிக்க இன்றும் என்னால் இயலாது. ஓடுகள் பறந்தன, கதவுகள் பிளந்தன. சத்திரத்தார் எங்களைக் கோயிலுக்கு அழைத்துச் சென்றனர். நீண்ட பிரகாரத்திற் பல நூற்றுவர் ஒடுங்கியிருந்தோம். ஒருவர் தேவாரம் ஓதத் தொடங்க, பலர் உடன் ஓதினர். அந்த ஒலிக்கிடையே தங்கை அன்னையாரிடம் கேட்டது என் காதில் விழுந்தது: "என்னாலையோ அம்மா இப்பிடிக் காத்தடிக்குது?"

விடிந்தபின் செய்திகள் ஒவ்வொன்றாய் வந்தன. நாங்கள் ஏறியிருக்கவேண்டிய அந்தக் கடைசி வண்டியைத் தனுஷ்கோடியை அணுகும் வேளையிற் கடல் கொண்டுவிட்டது. அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோருள் ஒருவரும் மீளவில்லை. தனுஷ்கோடி ஊரும் துறையும் அழிந்தன. பாம்பன் பாலம் உடைந்தமையால் தீவிலேயே அடைபட்டோம். நடிகர் ஜெமினி கணேசனும் சாவித்திரியும் அவ்வேளை இராமேஸ்வரத்திலேயே அகப்பட்டிருந்தனர் எனப் பின்னர் அறிந்தோம். தந்தையார் கொப்பியை எடுத்து அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்திருந்தார். பின்னர் தங்கையின் நெற்றியில் திருநீறு பூசினார்; அவர் கை நடுங்கியது.

சில நாட்களின் பின் படகிலே மண்டபம் சேர்ந்தோம். திரும்புவதற்குக் கப்பல் இல்லை. அன்னையாரின் காப்பு இரண்டு சென்னையில் விலைபோக, விமானத்திற் பலாலி வந்திறங்கினோம். ஊர் வந்தபின்னரே முழுக் கதையும் தெரிந்தது. அந்தமான் கடலிற் பிறந்த அச்சூறாவளி, தனுஷ்கோடியைத் தாக்குமுன் அதே 22ஆந் திகதி வவுனியாவுக்கு அண்மையாகவே இலங்கையைக் கடந்திருந்தது. எங்கள் வீட்டுக் கூரை முற்றத்தில் கிடந்தது. முற்றத்து முதிரை வேரோடு சாய்ந்திருந்தது. மாட்டுக் கொட்டிலில் ஒதுங்கி உயிர்தப்பிய அம்மம்மா, எங்கள் கதையைக் கேட்டு, "இங்கை அடிச்சது காணாதெண்டு அங்கையும் வந்ததோ!" என்றார். எங்கள் உல்லாசப் பயணத்தைக் கெடுத்த மழை என நான் சினந்த மழை, எங்கள் வீட்டின் மேலாகவே வந்த மழை.

தை மாதத்தில் கட்டுரையைச் சமர்ப்பித்தேன். புயலையும் பிரகாரத்தையும் அடுக்குமொழியில் எழுதியிருந்தேன். ஆசிரியர் அதனை வகுப்பில் உரக்கப் படித்து, சிவப்பு மையால் "மிக நன்று" என எழுதித் தந்தார். தங்கையிடம் நான் சொன்ன வாக்கியம் மட்டும் அதில் இருக்கவில்லை.

பின்னர் நிகழ்ந்தவை பலரும் அறிந்தவை. பாம்பன் பாலத்தைப் பொறியியலாளர் ஈ. சிறீதரனின் பொறுப்பில் 46 நாட்களிற் சீர்செய்தனர். தனுஷ்கோடியோ மனிதர் வாழத் தகாத இடமென அறிவிக்கப்பட்டது. கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து ஓடி, 1980களில் போரோடு நின்றது. 2023ஆம் ஆண்டு நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் தொடங்கியபொழுது, "போய்வருவோமா?" என்று தங்கையிடம் கேட்டேன். அவளுக்கும் இன்று பேரப்பிள்ளைகள் உளர். அப்பேச்சிலே அன்றைய என் சொல்லை எடுத்து மன்னிப்புக் கேட்டேன். மறந்திருப்பாள் என்றே எண்ணினேன்.

அவள் சிரித்தாள். "கனகாலமாய், மழை இருட்டினால் நான் என்ன பிழை செய்தனான் எண்டுதான் யோசிக்கிறனான், அண்ணா" என்றாள்.

எங்கள் நால்வர் உயிரையும் காத்தது அவள் காய்ச்சல். அதற்கு அவள் என்னிடம் பெற்ற கைம்மாறு அது.

மாணவத் தம்பியரே, திட்டங் குலைந்த வேளையில் அருகிலிருக்கும் சிறியவர்மேற் பழி போடுதல் எளிது. நாம் அதனை மறந்துவிடுவோம், அவர்கள் சுமப்பார்கள்.

என் ஆசிரியர் இன்று இல்லை. ஒளியாமல் எழுது என்ற அவர் பணியை இங்கு நிறைவேற்றி, விடுபட்ட வாக்கியத்தைச் சேர்த்துக் கட்டுரையை மீளச் சமர்ப்பிக்கின்றேன்.