களி உருண்டைக்கு வந்த ராட்சத மீன்

மேல்கோட்டைக்கு வருகிறவர்கள் செல்வநாராயணரைச் சேவிப்பார்கள், யோக நரசிம்மர் குன்றேறுவார்கள், புளியோதரைப் பொட்டலத்தோடு மைசூருக்குத் திரும்பிவிடுவார்கள். வேறு திசையில் மண்டியா, மளவள்ளி, ஹலகூர் என்று காவிரியை நோக்கி இறங்குகிறவர்கள் குறைவு. அதே மண்டியா மாவட்டத்தின் தென்கிழக்குக் கோடியில், முத்தத்திக் காட்டை ஒட்டி இருக்கிறது பீமேஸ்வரி. ஒரு காலத்தில் இங்கிலாந்துத் தூண்டில்காரர்கள் விமானம் ஏறி வந்து சேவித்த க்ஷேத்திரம் அது.

அவர்கள் தேடி வந்த மூர்த்தி, முதுகு கூனிய மகசீர் மீன்.

மேலைநாட்டில் ட்ரௌட் மீன் பிடிக்க, இறகும் நூலும் சுற்றிய பொய்ப்பூச்சியை நீர்மேல் வீசுவார்கள். அந்த ஆசையை விடமுடியாத ஆங்கிலேயர்கள் நீலகிரிக்கும் மூணாறுக்கும் ட்ரௌட்டையே கொண்டுவந்து விட்டார்கள். காவிரிக்கு அப்படியொரு விருந்தாளி தேவைப்படவில்லை. 1946-ல் மைசூரைச் சேர்ந்த டிவெட் வான் இங்கன், காவிரியின் துணையாறான கபினியில் 120 பவுண்டு மகசீரைப் பிடித்தார். ஏறக்குறைய 54 கிலோ! விலங்குகளைப் பாடம் செய்வதில் உலகப் புகழ்பெற்ற குடும்பம் அவருடையது.

1977-78-ல் மூன்று ஆங்கிலேய இளைஞர்கள் இந்த மீனைத் தேடி வந்து, இன்னும் இருக்கிறது என்று உலகுக்குக் காட்டினார்கள். பிறகு தொட்டமக்களி, பீமேஸ்வரி, காலிபோரே என்று ஆற்றோரமாக மீன்பிடி முகாம்கள் எழுந்தன. கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் தங்க இடமும் சாப்பாடும் வழிகாட்டியும் தந்தது. வெள்ளைக்காரர் கையில் விலை உயர்ந்த தூண்டில். கொக்கியிலோ மண்டியா விவசாயியின் அன்றாட உணவான கேழ்வரகுக் களி, எலுமிச்சம்பழ அளவுக்கு உருட்டியது. மீன் கவ்வி இழுத்தால் பரிசலில் ஏறி அதன் பின்னாலேயே போக வேண்டும். நீரின் போக்கும் பாறை இடுக்கும் அறிந்த வழிகாட்டிகளில் சிலர் முன்பு திருட்டுத்தனமாக மீன் பிடித்தவர்கள். பிடித்த மீனை எடைபோட்டு, படமெடுத்து, உயிரோடு ஆற்றில் விட்டுவிட வேண்டும் என்பது விதி.

அந்த எடைக் குறிப்புகள் பிற்பாடு விஞ்ஞானிகளுக்குப் பொக்கிஷமாயின. காலிபோரேயில் 1998 முதல் 2012 வரை 23,620 மணி நேரத் தூண்டில் வீச்சில் 6,161 மகசீர்கள் சிக்கியிருந்தன. எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது, சராசரி எடை மட்டும் இறங்கியது. ஏன்? பெருகியது நீலத்துடுப்பு மகசீர் என்ற வேறு இனம். 1970-களில் மகாராஷ்டிரத்தின் லோனாவாலா பண்ணையில் பொரித்த அதன் குஞ்சுகளை மீன்வளம் பெருக்கும் நல்லெண்ணத்தோடு காவிரியில் விட்டதன் பலன் அது. விருந்தாளி வீட்டை எடுத்துக்கொண்டான், கூன்முதுகன் அரிதானான்.

பாதுகாக்கப்பட்ட வனப்பகுதியில் மீன்பிடிப்பும் வேட்டையே என்று 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்துக்குப் பொருள் கொள்ளப்பட்டதால் முகாம்களில் தூண்டில்கள் மடக்கப்பட்டன. நாங்கள் இருந்தவரை வெடி வைத்து மீன் பிடிப்பவர்கள் அஞ்சினார்கள் என்பது தூண்டில்காரர்கள் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வெளியூர்க் குஞ்சுகள் இறங்கியது அவர்கள் காவல் இருந்த அதே ஆற்றில்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இன்று பீமேஸ்வரியில் பரிசலும் கயாக்கும் காட்டு நடையும் உண்டு. மருத மர நிழலில் நீர்நாய்களைப் பார்க்கலாம். மகசீரையே பார்க்க விரும்புகிறவர்கள் ஹாசன் மாவட்டம் ராமநாதபுரத்துக்குப் போகலாம். அங்கே காவிரிப் படித்துறையில் கோயில் மீன்களாக அவற்றைக் காக்கிறார்கள். கூன்முதுகு மகசீருக்கோ, உலகமே கொண்டாடி முடித்த பிறகு, 2018-ல்தான் 'டோர் ரெமாதேவியை' என்ற அறிவியல் பெயர் உறுதியானது. மிக அருகிய இனம் என்ற முத்திரையும் அதே ஆண்டில் விழுந்தது. அது இன்னும் இனப்பெருக்கம் செய்து வாழும் முக்கியப் புகலிடம், தமிழகத்தின் மோயாறு.