கண்டுபிடித்த கைக்குக் கூலி

டீசல் இன்ஜினுக்குத் தீப்பொறி கிடையாது. பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் பிளக் செய்கிற வேலையை இங்கே காற்றே செய்துவிடுகிறது. சிலிண்டருக்குள் இழுத்த காற்றை, பிஸ்டன் மேலே வந்து இருபதில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்கும். நெருக்குகிற வேகத்தில் அந்தக் காற்றின் வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். சரியாக அந்தக் கணத்தில் டீசல் பூந்தூறலாக உள்ளே விழுந்தால், யாரும் பற்றவைக்காமல் பற்றிக்கொள்ளும். நெருப்பே லிங்கமாக நின்றதாகச் சொல்லும் திருவண்ணாமலையில் வாழ்கிறவன் என்பதாலோ என்னவோ, இந்த விஷயத்தில் எனக்கு வியப்பு தீர்ந்ததே இல்லை.

ஆக, டீசல் வண்டி கிளம்ப மூன்று போதும்: நெருக்கிய காற்று, அழுத்தத்தோடு வரும் டீசல், இரண்டும் சந்திக்கும் சரியான நேரம். இவற்றில் பின்னிரண்டும் டீசலைத் தள்ளும் பம்ப்பின் பொறுப்பு. அதனால்தான் பம்ப்பை மாற்றியபின் வண்டி கிளம்பவில்லையென்றால் சந்தேகம் நேராக அந்தப் புதுப் பம்ப்பின் மேலேயே விழுகிறது.

எங்கள் பழைய டீசல் காரிலும் அப்படித்தான் ஆயிற்று. பம்ப் சீல் தேய்ந்து டீசல் ஒழுகிக்கொண்டிருந்தது. செங்கம் சாலைப் பக்கம் ஒரு ஷெட்டில் வேறு பம்ப் போட்டார்கள். சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாக அடிக்கிறது, இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை. பௌர்ணமி நெருங்கிய சமயம். கிரிவலத்துக்கு ஊர் நிறையும். பஸ்களையும் கார்களையும் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். அதற்குள் வாடகை வண்டிகளைச் சரிபண்ணி அனுப்ப வேண்டுமென்று ஷெட்டே பரபரத்துக்கொண்டிருந்தது. ஆளுக்கொரு யோசனை வந்தது. பம்ப் டூப்ளிகேட்டாக இருக்கும், திருப்பிக் கொடுங்கள் என்றார் ஒருவர். டீசலைத் தூவும் நாசில் நாலையும் மாற்றச் சொன்னார் இன்னொருவர். பெட்ரோலில் நனைத்த துணியை ஏர் ஃபில்டரில் காட்டச் சொன்னார் ஒரு டிரைவர்.

ஷெட்டின் மூத்த மெக்கானிக் அண்ணன் அதையெல்லாம் கேட்டுக்கொண்டு வண்டியின் பின்பக்கம் போய் உட்கார்ந்தார். பையனிடம் செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு சைலன்ஸரையே பார்த்தார்.

"புகையே இல்ல சார். டீசல் உள்ள போகல. புதுப் பம்ப்ப விடுங்க, நாங்க கை வெச்ச எடத்த மொதல்ல பாக்கறேன்."

அந்த ஒரு பார்வையிலேயே சந்தேகங்களில் பாதி கழிந்துவிட்டது. செல்ஃப் அடிக்கும்போது வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, ஆனால் எரியவில்லை என்று பொருள். அப்போது பார்க்க வேண்டியவை வேறு: டைமிங் தள்ளியிருக்கலாம், ஹீட்டர் பிளக் சூடாகாமல் இருக்கலாம், கம்ப்ரெஷன் குறைந்திருக்கலாம். நாசிலுக்குப் போகும் குழாய்களை 1-3-4-2 என்ற வரிசை மாறி மாட்டியிருக்கவும்கூடும். புகையே இல்லையென்றால் டேங்க்கிலிருந்து நாசில் வரை எங்கோ டீசல் தடைபட்டிருக்கிறது. புகை வருகிறதா என்ற, காசு செலவில்லாத இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

அடுத்து சாவியைப் பாதி திருப்பச் சொல்லி, பம்ப்பின் மேல் காதை வைத்தார். டிக் என்று ஒலி. சாவியை அணைத்தால் டீசலை நிறுத்துகிற ஸ்டாப் சொலினாய்டு அது. அதற்கு மின்சாரம் வராவிட்டால் எத்தனை நல்ல பம்ப்பும் ஒரு சொட்டுக் கொடுக்காது. பம்ப்பைக் கழற்றி மாட்டும்போது அந்த ஒற்றை ஒயர் விட்டுப்போவது சகஜம். இங்கே அது சரியாக இருந்தது.

மூன்றாவது, காற்று. டீசல் லைனைப் பிரித்தால் உள்ளே காற்று புகுந்தே தீரும். பழைய மாடல் இன்ஜினில் நாசில் திறக்க 130, 150 பார் அழுத்தம் வேண்டும். டயரில் நாம் அடிக்கிற காற்று 2 பார்தான். டீசலைப் பம்ப் தள்ளினால் அழுத்தம் அப்படியே போய் நாசில் ஊசியைத் தூக்கும். இடையில் காற்று நின்றால், தள்ளுகிற வேலையெல்லாம் அந்தக் காற்றைச் சுருக்குவதிலேயே போய்விடும். ஊசி அசையாது. கிணற்றடியில் ஆயில் இன்ஜின் வைத்துத் தண்ணீர் இறைத்த விவசாயிகளுக்கு இது அத்துப்படி. காற்றை வெளியேற்றி ஏர் எடுக்கத் தெரியாதவர் வயல் காய்ந்துவிடும்.

ஃபில்டர் தலையிலிருந்த ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஹேண்ட் பம்ப்பை அமுக்க அமுக்க நுரை நுரையாக வந்தது. நுரை நின்று டீசல் தெளிவாக வந்ததும் ஸ்க்ரூவை இறுக்கினார். செல்ஃப் அடித்தார்கள், பிடிக்கவில்லை. மறுபடி தளர்த்தினால் மறுபடி நுரை. அங்கேதான் அவர் கைத்திறமை தெரிந்தது. ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவே உள்பக்கம் தெரிகிற பிளாஸ்டிக் ஹோஸ் ஒன்றை மாட்டினார். செல்ஃப் சுற்றச் சுற்ற அதில் குமிழ்கள் ஓடின. ஃபில்டரைத் தாண்டியும் குமிழ் வருகிறதென்றால், ஃபில்டரிலோ அதற்கு முன்போ காற்று புகுகிறது என்று அர்த்தம்.

எங்கும் ஒரு சொட்டு டீசல் ஒழுகவில்லையே என்றேன். ஒழுகாது என்றார். டேங்க் தாழ இருக்கிறது. பம்ப் மேலிருந்து உறிஞ்சுகிறது. ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் குடித்தால் நீர் வெளியே சிந்தாது, காற்றுதான் வாய்க்கு வரும். உறிஞ்சும் பக்கத்துக் கசிவு கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது இதனால்தான். ஈரம் தேடுகிறவர் அதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

கடைசியில் அகப்பட்டது ஃபில்டர் தலையில் குழாய் சேரும் போல்ட்டின் செம்பு வாஷர். பம்ப்போடு சேர்த்து ஃபில்டரையும் மாற்றியபோது பழைய வாஷரையே திரும்பப் போட்டிருந்தார்கள். ஒருமுறை நசுங்கிய செம்பு இறுகிவிடும். மறுபடி இறுக்கினால் இடத்துக்கு ஏற்ப வளைந்து அடைக்காது. புது வாஷர் கைவசம் இல்லாததால், அண்ணன் அதையே கேஸ் அடுப்பு நெருப்பில் செக்கச் செவேலென்று பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டார். எஃகு என்றால் அப்படிச் செய்தபின் கடினமாகும். செம்பு மாறாக இளகிக் கொடுக்கும். மேல்படிந்த கருப்பைத் தேய்த்து மாட்டினார். ஹோஸில் குமிழ் நின்றது. பின் நாசில் குழாய்களின் நட்டைத் தளர்த்தி, செல்ஃப் அடித்து, டீசல் சொட்டத் தொடங்கியதும் ஒவ்வொன்றாக இறுக்கினார். இத்தனை தடவை அடித்ததில் பேட்டரி சோர்ந்திருந்தது. செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் காற்று சூடேறாது, தேடும்போதே இன்னொரு கோளாறை உண்டாக்கியதாகிவிடும் என்று, வேறு வண்டியிலிருந்து ஒயர் போட்டார். வெள்ளையாகப் புகை கிளம்பி, மூன்று சிலிண்டரில் தடதடத்து, நான்காவதும் சேர்ந்துகொண்டது. அதற்குப் பிறகும் டயல் கேஜ் வைத்து டைமிங்கைச் சரிபார்த்த பின்தான் வண்டியைக் கொடுத்தார்.

பெட்ரோல் துணி யோசனையை மட்டும் அவர் கண்டிப்பாக மறுத்தார். ஹீட்டர் பிளக் பழுத்திருக்கும் இன்ஜினுக்குள் பெட்ரோல் ஆவி போனால் நேரம் தவறிப் பற்றும். பிஸ்டன் உடையலாம், கை வெந்துபோகலாம். இன்னொன்றும் சொன்னார்: எல்லா நாசிலுக்கும் ஒரே அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் புது மாதிரி காமன் ரெயில் வண்டியில் இப்படி நாசில் நட்டைத் தளர்த்தவே கூடாது. அதில் அழுத்தம் 1,000 பாருக்கு மேல் போகும். மயிரிழைக் கசிவும் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஊசி குத்தியதுபோல் தெரிந்தாலும் உடனே அறுவை சிகிச்சை தேவைப்படுகிற காயம் அது. அந்த வண்டிகளில் பழைய பம்ப் உள்ளே தேய்ந்து உலோகத் துகள் உதிர்த்திருந்தால், லைன், ரெயில், நாசில் எல்லாவற்றையும் சுத்தம் செய்யாமல் புதுப் பம்ப் போடுவது வீண். ஸ்கேனர் மாட்டினால் ரெயில் அழுத்தம் குறைவு என்று காட்டும். ஏன் குறைவு என்பதை ஆள்தான் தேட வேண்டும்.

பம்ப் ஒன்றும் சாதாரணப் பொருள் இல்லை. இந்த இன்ஜினைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசல் 1893இல் காப்புரிமை பெற்றும், ஒழுங்காக ஓடும் இன்ஜினைக் காட்ட 1897 வரை பாடுபட்டார். அப்போதும் எரிபொருளை உள்ளே ஊத அவருக்குப் பெரிய காற்று அமுக்கி ஒன்று தேவைப்பட்டது. 1927இல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் இன்ஜெக்ஷன் பம்ப்பைத் தொழிற்சாலையில் செய்யத் தொடங்கிய பிறகே டீசல் லாரியும் காரும் பரவ வழி பிறந்தது. 1951இல் தொடங்கிய பெங்களூர் மைக்கோ நிறுவனம் அந்தப் பம்ப்பை நம் ஊர் ஷெட்டுகளுக்குக் கொண்டுவந்தது. உள்ளே பிளஞ்சருக்கும் அதன் கூட்டுக்கும் நடுவே இருப்பது சில மைக்ரான் இடைவெளி. தலைமுடியின் தடிமன் அதைவிடப் பல மடங்கு. இவ்வளவு நுணுக்கமான பொருளைச் சந்தேகத்தின் பேரில் கழற்றி மாட்டுவது எத்தனை பெரிய தவறு! ஆனாலும் அதுதான் நாள்தோறும் நடக்கிறது.

ஏன் நடக்கிறது என்று யோசித்தால், பழி மெக்கானிக் மேல் மட்டும் இல்லை. நாம் பொருளுக்குக் காசு கொடுக்கிறோம், தேடியதற்குக் கொடுப்பதில்லை. நாசில் மாற்றினேன் என்றால் பில்லைக் கேள்வி கேட்காமல் கட்டுகிறோம். அரை நாள் உட்கார்ந்து ஒரு வாஷரைக் கண்டுபிடித்தேன் என்றால், வாஷருக்கா இத்தனை ரூபாய் என்கிறோம். தேடுகிறவருக்குக் கூலி இல்லையென்றால் அவர் மாற்றத்தான் செய்வார். பக்கத்தில் நிற்கிற பையனும் மாற்றுவதைத்தான் கற்பான்.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி வந்தபோது மாருதி டீசல் கார்களையே நிறுத்திவிட்டது. நாளை எங்கும் மின்சாரக் காரே ஓடலாம், ஏர் எடுக்கிற வேலை இல்லாமலும் போகலாம். கேட்கிற வரிசை மட்டும் எந்த வண்டிக்கும் தேவைப்படும்: காசில்லாத கேள்வி முதலில், கடைசியாகக் கை வைத்த இடம் அடுத்து, பதில் கிடைத்த பின்பே புதுப்பொருள். ஐ.டி.ஐ.களில் டீசல் மெக்கானிக் படிக்கிற பிள்ளைகளுக்கு இதைச் செய்முறைப் பாடமாகவே வைக்கலாம். வண்டி வைத்திருக்கிற நாம் செய்யக்கூடியது ஒன்றுதான். அடுத்த முறை ஷெட் பில்லில் பொருள் விலை சொற்பமாகவும் கூலி அதிகமாகவும் இருந்தால், பேரம் பேசாமல் கொடுப்போம். மாற்றாமல் விட்ட பொருள்களின் விலையை அந்தக் கூலிதான் நமக்கு மிச்சப்படுத்தியிருக்கிறது.