முகம் கழுவும் உயரம்

வீடு கட்டுகிறவர்கள் அளவுகளில் மிகுந்த கவனம் உடையவர்கள். தலைவாசல் எத்தனை அடி, சமையல் மேடை எவ்வளவு உயரம், மாடிப்படி ஏறுவதற்கு எளிதா என்று பலரிடம் கேட்டே முடிவு செய்கிறார்கள். ஆனால் வாஷ்பேசின் எந்த உயரத்தில் அமைய வேண்டும் என்று கேட்டவர்களை நாம் அரிதாகவே சந்தித்திருக்கிறோம். கொத்தனார் தம் இடுப்பளவைப் பார்த்துச் சுவரில் ஒரு கோடு இழுக்கிறார். அந்தக் கோடே அவ்வீட்டாருக்கு அடுத்த இருபது, முப்பது ஆண்டுகளுக்கு நிலைத்துவிடுகிறது.

இராஜபாளையத்திலும் அதையடுத்த ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பங்குப் பணியின் பொருட்டு நாம் பல இல்லங்களுக்குச் சென்றதுண்டு. பழைய வீடுகளில் முற்றத்தின் ஓரமாகத் தண்ணீர்த் தொட்டி இருக்கும். அதன் விளிம்பில் ஒரு செம்பு இருக்கும். பாட்டி குத்துக்காலிட்டு அமர்ந்து வாய் கொப்பளிப்பார். பேரன் நின்றபடியே முகத்தில் நீரை வாரி அடித்துக்கொள்வான். செம்பு அவரவர் கைக்கு ஏற்ற உயரத்துக்கு வந்தது. சுவரில் பேசின் பதிக்கப்பட்ட பின்னரோ, அதன் உயரத்துக்கு ஏற்ப மனிதர் தம் உடலை வளைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அன்பர் புது வீடு கட்டினார். இராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் மேற்பார்வையாளர். ஐந்தடி எட்டு அங்குல உயரமுள்ளவர். உணவறையை ஒட்டி, 32 அங்குல உயரத்தில் கிரானைட் பலகை பதித்து, அதன்மேல் 6 அங்குல உயரமுள்ள கிண்ணம் போன்ற பேசினை அழகாக வைத்திருந்தார். விளிம்பு தரையிலிருந்து 38 அங்குலம். அவருக்கு அது மிகப் பொருத்தமாகவே இருந்தது.

வீடு மந்திரித்துச் சில மாதங்கள் கழிந்து, ஒரு மழைக்காலக் காலையில் அவ்வழியே சென்றோம். அவருடைய தாயார், எழுபத்தைந்து வயதைக் கடந்தவர், ஐந்தடிக்கும் குறைந்த உருவம், கொல்லைப்புறத்தில் பாசி படிந்த கல்லின்மேல் நின்று செம்பில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். உள்ளே அத்தனை வசதி இருக்க இங்கே ஏன் என்று வினவினோம்.

“அங்கன கையத் தூக்குனா தண்ணி முழங்கை வழியா சேலைக்குள்ள எறங்குது சாமி. எனக்கெதுக்கு அம்புட்டு ஒசரம்? இங்கனயே கழுவிக்கிறேன்” என்றார். குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அருகில் நின்ற மகன் திகைத்துப் போனார். “அம்மா ஒருநாளும் சொல்லலையே ஃபாதர்!” என்றார்.

முதியோர் சொல்லமாட்டார்கள். மகன் கடன்பட்டுக் கட்டிய வீட்டில் குறை காண அவர்களுக்கு மனம் வராது. வழுக்குக் கல்லில் ஒருமுறை கால் தவறினால், இடுப்பெலும்பு முறிந்து, அதன்பின் பிறர் கையால் முகம் துடைக்கப்படும் நிலைக்கு அவர்கள் ஆளாகக்கூடும். தம் முகத்தைத் தாமே கழுவிக்கொள்வது மனிதர் இறுதிவரை காத்துக்கொள்ள விரும்பும் சிறு உரிமைகளுள் ஒன்றல்லவா?

அந்தத் தாய் கூறியதில் ஓர் அளவுகோலே அடங்கியிருந்தது. பேசினின் விளிம்பு முழங்கையை நெருங்கும் அளவுக்கு உயர்ந்தால், கை கழுவும்போது விரல்கள் முழங்கைக்கு மேலே எழுகின்றன. நீர் கை வழியே பின்னோக்கி வடிகிறது. விளிம்பு மிகத் தாழ்ந்தாலோ முதுகு வளைகிறது. எனவே வெறுங்காலுடன் நிமிர்ந்து நின்று, முழங்கையை மடக்கி, அங்கிருந்து நான்கு முதல் ஆறு அங்குலம் கீழே விளிம்பு வருமாறு அமைத்தல் நலம். தாயின் முழங்கை 37 அங்குலத்தில் இருந்தது. பலகையை 26 அங்குலத்துக்கு இறக்க, விளிம்பு 32 அங்குலமாயிற்று. சுவரில் கழிவுக் குழாயின் துவாரம் போதிய தாழ்வில் இருந்ததால் வேலை எளிதாயிற்று. அது உயரத்தில் இருந்திருந்தால் சுவரை உடைக்க நேர்ந்திருக்கும். கண்ணாடியையும் உடன் இறக்கினார்கள். அதுவரை அத்தாய்க்கு அதில் நெற்றி மட்டுமே தெரிந்தது. கோதை நாச்சியார் மாலை சூடி அழகு பார்த்ததாகக் கூறப்படும் கண்ணாடிக் கிணற்றைக் கோவிலில் காக்கும் ஊரில், ஒரு தாய்க்குத் தன் முழு முகம் தெரிய வேண்டாமா?

உயரம் மிகுவது மட்டுமே குற்றம் என்று எண்ணிவிடலாகாது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் அலெக்சாண்டர் கிரா, குளியலறையைப் பற்றி நெடுங்காலம் ஆய்ந்து 1966-இல் ஒரு நூல் வெளியிட்டார். வழக்கமான பேசின்கள் மிகத் தாழ்வாக இருக்கின்றன என்பதே அவருடைய முறையீடு. அந்நாட்டில் 30, 32 அங்குலமாக இருந்த உயரம் பிற்காலத்தில் 36 அங்குலம் வரை உயர்ந்தது. உயரமான உடல்களுக்கு அது நன்று. அதையே நம் பாட்டிமார் முன் கொண்டுவந்து வைக்கும்போதுதான் தொல்லை. நம் நடுவண் அரசின் நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம், மாற்றுத்திறனாளிகளையும் முதியோரையும் கருதி 2016-இல் வெளியிட்ட நெறிமுறைகள், விளிம்பு 750 முதல் 850 மில்லிமீட்டருக்குள், அதாவது ஏறத்தாழ 30 முதல் 33 அங்குலத்துக்குள், இருக்கவும், அடியில் முழங்கால் நுழைய இடம் விடவும் கூறின. கீழே அலமாரியோ பீங்கான் தூணோ நின்றால் சக்கர நாற்காலியில் வருபவர் குழாயை எட்ட இயலாது.

ஒரே வீட்டில் நெடியவரும் குறியவரும் இருக்கும்போது யாருடைய அளவைக் கொள்வது? குனிய முடிந்தவர் சற்றுக் குனியலாம். எட்டாதவர் எப்படி எட்டுவார்? பெரிய வியாழனன்று பாதம் கழுவும்போது பாத்திரம் தரையில்தான் வைக்கப்படுகிறது. அங்கே குனிகிறவர் கழுவுகிறவரே. எனினும் முதுகு நோவு உள்ளவரின் துன்பமும் துன்பமே. இரண்டு பேசின் வைக்க வசதியுள்ளோர் ஒன்றை உயர்த்தியும் மற்றொன்றைத் தாழ்த்தியும் வைக்கலாம். குழந்தைக்கு, நகராத உறுதியான மரப்பலகை ஒன்று போதும்.

வீடு கட்டும் அன்பர்களே, டைல்ஸ் பதிக்கும் முன் அளந்தால் தளம் உயரும்போது ஓரிரு அங்குலம் குறைந்துவிடும். ஆகவே முடிவான தரைமட்டத்திலிருந்தே அளவெடுங்கள். பலகையை மட்டும் அளக்காமல், மேலே அமரும் பேசினின் உயரத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். கொத்தனார் கோடு இழுக்கும் நாளில் வீட்டின் மூத்தவரை அழைத்துச் சுவரருகே நிற்க வையுங்கள். “இந்த உயரம் போதுமா அம்மா?” என்று நீங்களே கேளுங்கள். கேட்டால்தான் அவர்கள் சொல்வார்கள்.