ஆல்பனி சாலையில் ஒரு சமாரியன்

அட்லாண்டாவை விட்டுத் தெற்கே இரண்டு மணி நேரம் ஓடியதும் கட்டடங்கள் ஒழிந்து செம்மண் வந்துவிட்டது. வேர்க்கடலைக் கொல்லை, பருத்திக் கொல்லை, நடுநடுவே பீக்கன் கொட்டை மரத்தோப்பு. திருவள்ளூர் பக்கத்துக் காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையில் முப்பது வருஷம் இரும்புத் தூசியை மூச்சில் இழுத்தவனுக்கு அந்தக் காற்றே பெரிய விருந்து. காரை ஓட்டிய அக்கா மகனுக்குத்தான் பொறுக்கவில்லை. "நயாகரா காட்டறேன்னேன். இவ்ளோ தூரம் வந்து கடலைக் கொல்லையா மாமா?"

நான் பார்க்க வந்தது அமெரிக்கஸ் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் இருக்கும் கொய்னோனியா பண்ணையை. அதை 1942இல் தொடங்கியவர்களில் முக்கியமானவர் கிளாரன்ஸ் ஜோர்டன். வேளாண்மைப் பட்டம் வாங்கியவர். பிறகு புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்தில் முனைவர் பட்டமும் வாங்கினார். ஒரு கையில் மண், ஒரு கையில் கிரேக்கம். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேசையில் சாப்பிடும் பண்ணையை, அதுவும் அந்தக் காலத்து ஜார்ஜியாவில், நடத்தினார்.

1950இல் நடந்த ஒரு சம்பவத்தில் நம் ஆள் ஒருவர் வருகிறார். வேளாண்மை படிக்க வந்த இந்திய மாணவர், இந்து. அமெரிக்கர்கள் எப்படி ஆராதனை செய்கிறார்கள் என்று பார்க்க ஆசைப்பட்டார். பண்ணைக்காரர்கள் பக்கத்து பாப்டிஸ்ட் சபைக்கு அழைத்துப் போனார்கள். அவர் நிறத்தைப் பார்த்துச் சபை கொதித்தது. பண்ணைக்காரர்களையே சபையிலிருந்து நீக்கிவிட்டார்கள். சும்மா வேடிக்கை பார்க்கப் போன மனுஷன்!

1956 முதல் ஊர்விலக்கு. விதை, உரம் விற்க ஆளில்லை; விளைந்ததை வாங்க ஆளில்லை. துப்பாக்கிச் சூடு நடந்தது, சாலையோரக் கடைக்குக் குண்டு வைத்தார்கள். உள்ளூரில் விற்க முடியாத பீக்கனைத் தபாலில் வெளியூர்களுக்கு விற்றுப் பிழைத்தார்கள். அந்த வியாபாரம் இன்றும் நடக்கிறது. நானும் ஒரு பொட்டலம் வாங்கினேன். வால்நட்டை விட இனிப்பு, விலைதான் கொஞ்சம் அதிகம்.

வயலோரச் சின்ன மரக்குடிசையில் உட்கார்ந்துதான் ஜோர்டன் எழுதினார். 1969இல் உயிர் போனதும் அங்கேதான். இயேசுவின் கதையை ஜார்ஜியா மண்ணில் நடப்பதாக அவர் எழுதிய பருத்திக்காட்டுச் சுவிசேஷத்தில் எருசலேம் அட்லாண்டா ஆகிவிட்டது. இயேசு பிறப்பது கெய்ன்ஸ்வில்லில், ஞானஸ்நானம் சாட்டஹூச்சி ஆற்றில். சிலுவைக்குப் பதிலாக, கறுப்பரை வெள்ளைக் கும்பல் அடித்துக் கொல்லுமே, அந்தக் கொலை.

பக்கத்து ஊர்ச் சர்ச் கூடத்தில் அன்று மாலை, அவர் சொன்ன நல்ல சமாரியன் கதையை இளைஞர்கள் சின்ன நாடகமாகப் போட்டார்கள். இரண்டு மடக்கு நாற்காலிதான் கார். அட்லாண்டாவிலிருந்து ஆல்பனிக்குப் போகிற வெள்ளைக்காரனை மறித்து, பர்ஸையும் புதுச் சூட்டையும் பிடுங்கி, அவன் காரிலேயே ஏறிப் போய்விடுகிறார்கள். வெள்ளைப் பாதிரியார் வருகிறார், பார்க்கிறார், ஆக்சிலேட்டரை மிதிக்கிறார். பையன் வாயாலேயே 'ர்ர்ரூம்' என்றான். முன்வரிசையில் இருந்த நிஜப் பாதிரியார்தான் உரக்கச் சிரித்தார். அடுத்து வரும் பாட்டுக்குழுத் தலைவரும் அப்படியே. கடைசியில் கறுப்பர் ஒருவர் நிறுத்துகிறார். அந்த வேஷம் கட்டியது ஒரு கறுப்பினப் பெண். அடிபட்டவனைப் பின்சீட்டில் கிடத்தி ஆஸ்பத்திரியில் சேர்த்தபின், ஜீன்ஸ் பையிலிருந்து கசங்கிய இரண்டு டாலரை எடுத்துத் தொடையில் வைத்து நீவி நீவி நேராக்கி நர்ஸிடம் கொடுத்தாள். மீதி சம்பளத்தன்று. அப்போது கூடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. நாங்கள் வந்ததும் ஆல்பனி போகும் அதே 19ஆம் எண் சாலைதான். பைபிள் கதையில் வரும் எரிகோ சாலை என்று ஞாயிறுதோறும் கேட்டபோது எனக்கு இப்படி உறைத்ததில்லை.

இந்தச் சுவிசேஷத்தை வைத்து ஹாரி சேப்பின் பாட்டோடு 1981இல் நியூயார்க்கில் இசை நாடகமும் வந்தது. ஒரே நடிகர், கூடவே வாத்தியக்காரர்கள். ஏறக்குறைய நம் கதாகாலட்சேபம். நம் பக்கத்திலும் ஆள் இல்லாமல் இல்லை. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் 'பரட்டை' தியாபிலஸ் அப்பாவு கிராமத்து மெட்டில் வழிபாட்டையே அமைத்தவர்.

திரும்பும் வழியில் என் மனசு காக்களூரில் மேடை கட்ட ஆரம்பித்தது. திராட்சைத் தோட்டக் கூலியாட்கள் கதைக்கு சிட்கோ வாசலே போதும். காலையில் வேனில் ஏறியவனுக்கும் சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் ஒரே கூலி கொடுத்தால் அங்கே என்ன கூச்சல் கிளம்பும்! சமாரியன் கதைதான் சிக்கல். ஆவடியிலிருந்து திருவள்ளூர் வரும் சி.டி.எச். சாலையில் ஒருவன் அடிபட்டுக் கிடக்கிறான். பால் டேங்கர் போகிறது, கம்பெனி வேன் போகிறது, போதகர் கார் போகிறது. சரி, நிறுத்துகிறவன் யார்?

எங்கள் பக்கத்துச் சபையில் கிறிஸ்துமஸ் நாடகம் போடும் தம்பியிடம் அன்றிரவே போனில் கேட்டேன்.

"ஒடிசாக்காரப் பையனைப் போட்டுடலாம்ணே. ஜனம் கைதட்டும்."

"கைதட்டினா அது சமாரியன் இல்லப்பா. அடிபட்டவன் ஊர்த்தெரு, தூக்கறவன் காலனின்னு போடு. வண்டியில ஏத்தும்போது அடிபட்டவன், 'நீ எந்தத் தெரு?'ன்னு கேட்கணும்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அது கிடக்கட்டும்ணே, மேடைக்குக் காரை எப்படிக் கொண்டாந்தாங்க?"