ஏலக்காய்த் தண்ணீர் கொடுத்த ஆஸ்பத்திரி!

புதுக்கோட்டையிலிருந்து 20 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது குடுமியான்மலை. வருகிறவர்கள் பெரும்பாலும் தேடுவது, மேலைக்கோயில் குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில் இருக்கும் இசைக் கல்வெட்டைத்தான். 38 வரிகளில் ஸ்வரங்களை வெட்டிவைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு சிகாநாதசுவாமி கோயில் மண்டபத்துக்குள் வந்தால், சித்திரை வெயில் வாசலோடு நின்றுவிடுகிறது. உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது.

இப்படியொரு கல் மண்டபத்தில் ஆஸ்பத்திரி இருந்தால் எப்படி இருக்கும் என்று தோன்றும். இருந்திருக்கிறது. இங்கே அல்ல, காஞ்சிபுரம் மாவட்டத்துத் திருமுக்கூடலில்!

பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் ஊர் அது. அங்கே அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில், 11ஆம் நூற்றாண்டில் ஆண்ட வீரராஜேந்திர சோழனின் மிக நீண்ட கல்வெட்டு இருக்கிறது. கோயிலைச் சேர்ந்த ஜனநாத மண்டபத்தில் பள்ளிக்கூடம், மாணவர் விடுதி, கூடவே 'வீரசோழன்' என்ற பெயரில் ஓர் ஆதுலசாலை. ஆதுலர் என்றால் நோயாளி. மொத்தம் 15 படுக்கைகள்.

வைத்தியர் ஒருவர், அறுவை சிகிச்சைக்கு ஒருவர் என்பதில் ஆச்சரியம் இல்லை. மூலிகையும் விறகும் கொண்டுவர இரண்டு பேர், மருந்து காய்ச்சி நோயாளிகளைக் கவனிக்க இரண்டு பெண்கள், ஒரு நாவிதர், தண்ணீர் கொடுக்க ஓர் ஆள். படுத்திருப்பவருக்குத் தினம் ஒரு நாழி அரிசி. இரவில் எரிய ஒரு விளக்கு. நடுராத்திரி கண் விழிக்கிற நோயாளிக்கு அந்த ஒரு விளக்கு எவ்வளவு தைரியம்! குடிக்கிற தண்ணீரில் ஏலக்காயும் வெட்டிவேரும் போடவும் ஏற்பாடு இருந்தது. எல்லாவற்றுக்கும் நெல்லும் காசும் ஒதுக்கி எழுதிவைத்துவிட்டார்கள். கனிவான ஊழியர் வந்தால்தான் தண்ணீர் கிடைக்கும் என்று விடவில்லை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இது மாணவர்களுக்கும் கோயில் பணியாளர்களுக்குமான ஆஸ்பத்திரி. இன்றைய ஆரம்ப சுகாதார நிலையம் போல யாரும் நுழையக்கூடிய இடமல்ல. கல் மண்டபத்துக்கும் குறைகள் உண்டு. உயரமான படி, காலில் இடறும் வாசற்படி, உள்ளே போகப் போக இருட்டு. முழங்கால் வலியோடு வரும் பாட்டிக்கு முதல் படியே சோதனை. பழைய கட்டடத்தில் இன்று மருத்துவமனை நடத்துபவர்கள், சக்கர நாற்காலி ஏறச் சாய்தளமும் நல்ல வெளிச்சமும்தான் முதலில் கொடுக்க வேண்டும். நிழலையும் குளிர்ச்சியையும் கட்டடமே கொடுத்துவிடும். கூட வந்தவர்கள் உட்காரத் திண்ணை இருந்தால் இடித்துவிடாதீர்கள். ஓ.பி. சீட்டுக்கு வரிசையில் நின்றவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

காஞ்சிபுரம் – செங்கல்பட்டு சாலையில் பழைய சீவரத்தில் இறங்கி, பாலாற்றைக் கடந்தால் திருமுக்கூடல். ஏலக்காய்த் தண்ணீர் இப்போது கிடையாது. பாட்டிலை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.