ரெண்டு நாள் கழிச்சு வர்ற பில்

எனக்கு ரெண்டு வயசுல போலியோ. வலது கால் சூம்பினதோட தப்பிச்சேன். திருநெல்வேலியை விட்டு கொல்கத்தாவுக்கு வேலைக்கு வந்து, காளிகாட்டுல வீடு எடுத்து பன்னிரண்டு வருஷம் ஆச்சு. ஐம்பது வயசு வரைக்கும் நடையில யாருக்கும் சளைச்சதில்லை. இப்பதான் ஒரு விநோதம்.

பூஜை சமயத்துல, சப்தமி ராத்திரி பிள்ளைங்களோட பந்தல் பந்தலா சுத்தினேன். அஷ்டமியன்னிக்கு ஜம்முனு இருந்தேன். நவமி காலையில மெட்ரோ படியேற கால் வரலை. "நேத்து முழுக்க வீட்லதானே இருந்தீங்க, அப்புறம் என்ன வலி?"ன்னாங்க வீட்டம்மா. நியாயமான கேள்விதான்!

இதுக்குப் பேர் போஸ்ட் போலியோ சிண்ட்ரோம். போலியோ வந்து, பொதுவா 15 முதல் 40 வருஷம் கழிச்சு சிலருக்குத் தலைகாட்டும். பழைய கிருமி திரும்பி வர்றதில்லை, யாருக்கும் தொத்தாது. அன்னிக்கு செத்துப்போன நரம்பு செல்களோட வேலையையும், பிழைச்ச செல்கள் புதுசா கிளை விட்டு சேர்த்துப் பார்த்துச்சு. அதனாலதான் நாங்க எழுந்து நடந்தோம். நாலு பேர் வேலையை ஒருத்தரே பார்க்கிற ஆபீஸ் மாதிரி. பல வருஷ ஓவர்டைமுக்கு அப்புறம் அந்தக் கிளைகள் தளர்ந்து போகுதுங்கறதுதான் மருத்துவர்கள் பெரும்பாலும் சொல்ற காரணம்.

வில்லங்கம் என்னன்னா, அதிகமா அலைஞ்சதுக்கான பில் உடனே வராது. ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சு வலியா, அசதியா வரும். திங்கட்கிழமை வலிக்கு ஞாயித்துக்கிழமை மேல பழி போடுவோம். உண்மையான குற்றவாளி, சனிக்கிழமை லேக் மார்க்கெட்டுக்கு நடந்தது! அதனால இப்ப டைரியில தினமும் எவ்வளவு நடந்தேன், எத்தனை படி ஏறினேன்னு குறிச்சு வைக்கறேன். வலிச்சா ரெண்டு பக்கம் பின்னால புரட்டறேன்.

இந்தியாவோட கடைசி இயற்கை (வைல்ட்) போலியோ கேஸ் இங்கே பக்கத்துல, ஆத்துக்கு அந்தப்பக்கம் ஹவுரா மாவட்டத்துல, 2011 ஜனவரியில. 2014 மார்ச் 27ல உலக சுகாதார நிறுவனம் சான்றிதழே கொடுத்தாச்சு. நோய் ஒழிஞ்சது, நாங்க இன்னும் இருக்கோம் :-) இளம் டாக்டர்கள் பலர் போலியோவை நேர்ல பார்த்திருக்க மாட்டாங்க. நாமதான் வாய்விட்டு சொல்லணும். தைராய்டு, ரத்தசோகை மாதிரி வேற காரணம் இல்லைன்னு பார்த்துட்டுத்தான் இந்த முடிவுக்கு வருவாங்க.

உங்க ஊர்லயும் போலியோவை ஜெயிச்ச அத்தையோ சித்தப்பாவோ இருப்பாங்க. "விடாம நட, கால் பலப்படும்"னு சொல்லி வளர்க்கப்பட்டவங்க. அன்னிக்கு அது சரி. உடற்பயிற்சி இப்பவும் வேணும், ஆனா களைப்புக்கு முன்னாடியே நிறுத்தணும், நடுவுல உட்காரணும். அடுத்த தடவை போன்ல "நல்லா வாக்கிங் போங்க"ன்னு சொல்றதுக்கு முன்னாடி, "முந்தாநாள் என்ன செஞ்சீங்க?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க.