நொய்யல் கரையில் ஒரு கல் வீடு

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த காலத்தில், பாடப் புத்தகத்தில் கவ்ரினி என்ற சின்னத் தீவின் படம் இருந்தது. பிரான்சின் பிரித்தானிக் கடலோரத்தில் உள்ள அந்தத் தீவில் ஐயாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தைய கல்லறை மேடு இருக்கிறது. படகில்தான் போக வேண்டும். உள்ளே 29 கற்பலகைகள். 23-இல் அலை அலையாகச் செதுக்கல். இந்த வயதில் அங்கே போவதாவது! அதனால் சென்ற மாசியில், மருமகன் கார் ஓட்ட, கரூர் வழியாகக் கொடுமணலுக்குப் போய் வந்தோம்.

ஈரோடு மாவட்டத்தில், சென்னிமலை பக்கம், நொய்யலின் வடகரையில் இருக்கிறது அந்த ஊர். நொய்யல் போய்ச் சேர்வது நம் காவிரியில்தான். பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் இதுதான் என்கிறார்கள். 1985-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் இங்கே அகழாய்வைத் தொடங்கினார்கள். இரும்பு உருக்கிய உலைகள், மணி செய்த இடங்கள், பெயர் கீறிய பானை ஓடுகள் எல்லாம் கிடைத்தன.

ஊரை ஒட்டியே ஈமக்காடு. வட்டமாகக் கற்கள், நடுவே பலகைக் கற்களை நிறுத்திக் கட்டிய அறை. ஒரு பலகையில் வட்டமாக ஒரு துளை. இடுதுளை என்கிறார்கள். இப்படி ஒரே ஒரு குழியில் மட்டும் 2,220 சூதுபவள மணிகள் இருந்தனவாம்.

அந்தக் கல்லைத் தொட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றேன். அவர்கள் குடியிருந்த இடத்தில் மிஞ்சியது கம்பம் நட்ட குழிகள்தான். தாங்கள் கூரை வீட்டில் இருந்துகொண்டு, செத்தவருக்குக் கல்லில் வீடு கட்டியிருக்கிறார்கள். நாமோ மூன்றாம் நாள் சாம்பலைக் காவிரியில் கரைத்துவிட்டு வருகிறோம். என் மனைவிக்கும் அப்படித்தான் செய்தோம். அது குறை என்று சொல்லவில்லை. ஆறும் ஒரு வீடுதான். ஆனாலும், 'கண்ணன் ஆதன்' என்று ஓட்டில் கீறிய ஒருவன் இருந்தான் என்பது இன்று நமக்குத் தெரிகிறதே! அந்த மண்ணை யாரும் கலைக்காமல் விட்டதால்தானே?

இப்போது அந்த வட்டங்கள் பல உழவில் போய்விட்டன. உழுபவரைக் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. அவருக்கு அது வெறும் கல்.

நம் பக்கத்துத் தோட்டம் துரவுகளில் கல் வட்டமோ, வாயகன்ற பெரிய தாழியோ தென்பட்டால், தோண்டாமல் தாசில்தாருக்கு ஒரு மனு கொடுங்கள். எழுத ஆள் இல்லையென்றால் என்னிடம் வாருங்கள். ஆயுசு முழுக்க நான் செய்த வேலை அதுதான்.